கொடுத்தபின் கொடை யாருடையது?

கொடை என்றதும் கொடுப்பவர், பெறுபவர் என இருவரே நினைவுக்கு வருவர். தொண்டு நிறுவனம் ஒன்று நன்கொடை திரட்டத் தொடங்கியதும் அவர்களுக்கு நடுவே மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்கிறார். பசித்தவருக்காக அவர் கேட்கிறார். கொடுப்பவரின் பணம் பெறுபவரின் கைக்குப் போகும் வழியில் சில காலம் அவரிடம் தங்குகிறது. நன்கொடை பற்றிய அறவினாக்கள் பெரும்பாலும் இந்த இடைவழியில்தான் எழுகின்றன. பிறருக்காகக் கையேந்துவது இரத்தலா, தொண்டா? கொடுத்தவர் பெயரைப் பொறித்தால் அறம் குறையுமா? தீய வழியில் வந்த பணத்தை நல்ல வழியில் செலவிடலாமா? கொடுத்துவிட்ட பொருளின்மேல் கொடுத்தவருக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது? இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒரே வினா: கொடுத்தபின் கொடை யாருடையது? சமயங்களும் சட்டங்களும் இதற்குப் பல காலமாக விடை தேடிவந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், கொடுத்தவருடையதும் அல்லாமல், திரட்டியவருடையதும் அல்லாமல், யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவருடையது என்ற முடிவை நோக்கியே அவை நகர்வது புலப்படும்.

பிறருக்காகக் கேட்டல்

திருக்குறள் ஈகையை உயர்த்திப் பேசுகிறது. இரத்தலை அஞ்சத்தக்கதாகக் காட்ட ‘இரவச்சம்’ என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. இரந்துதான் சிலர் உயிர்வாழ வேண்டுமென்றால் அப்படி உலகை வகுத்தவனே அலைந்து கெடட்டும் என்று அங்கே வள்ளுவர் சினக்கிறார். அவர் சினம் இரப்பவர்மேல் பாயவில்லை. இரக்கவைக்கும் ஏற்பாட்டின்மேல் பாய்கிறது. தனக்காகக் கேட்பதில் உள்ள இந்த மானக்குறைவு, பிறருக்காகக் கேட்பவரைத் தொடுவதில்லை. இரக்க வேண்டிய ஒருவரின் கூச்சத்தை அவர் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறார். கேட்கும் வேலை இழிவானது என்று எண்ணித் தயங்கும் தொண்டர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

யூத மரபு இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. தானே கொடுப்பவரைவிடப் பிறரைக் கொடுக்கச் செய்பவர் பெரியவர் என்பது தல்மூதின் கருத்து. அந்தப் பெருமையோடு கட்டுப்பாடும் சேர்ந்தே வருகிறது. ஊர்ப் பொதுநிதியைக் குறைந்தது இருவர் சேர்ந்து திரட்ட வேண்டும். மூவர் கூடிப் பங்கிட வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று முடிவுசெய்வது பண வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பானதால், அதற்கு நீதிமன்றத்தைப்போல் மூவர் தேவைப்பட்டனர்.

கிறித்தவத்தின் தொடக்க காலத்தில் எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் பிற ஊர்ச் சபைகளில் பணம் திரட்டினார். கொரிந்தியருக்கு அவர் எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8, 9ஆம் அதிகாரங்கள் முழுக்க முழுக்க நன்கொடைக் கோரிக்கையே. கட்டாயத்தாலோ வருத்தத்தோடோ கொடுக்க வேண்டாம் என்கிறார். அந்தப் பணத்தைக் கையாளுவதில் யாரும் குறைசொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதற்காக, தம் உடன்பணியாளர் தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்த வேறு ஒருவரையும் அனுப்புவதாகச் சொல்கிறார். கடவுள் முன் நேர்மையாய் இருப்பது மட்டும் போதாது, மனிதர் கண்ணிலும் நேர்மையாய் இருக்க வேண்டும் என்பது அவர் தரும் காரணம்.

பௌத்தத் துறவியின் பிச்சை வேறு வகை. அவர் பாத்திரம் ஏந்தி வாசலில் நிற்கலாம். வாய்திறந்து கேட்கவோ குறிப்பால் வற்புறுத்தவோ கூடாது என்பது பொதுவிதி. கொடுப்பவர் தம் மனம் போல் கொடுக்கவும் கொடாமல் இருக்கவும் அங்கே முழு இடம் உண்டு. 1867இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமசாலையும் இதே நம்பிக்கையில் நின்றது. ஊரார் தந்த நிலத்திலும் அரிசியிலும் சாதி, சமயம் பாராமல் சோறிட்ட அந்தச் சாலையின் அடுப்பு அன்று முதல் அணையாமல் எரிகிறது.

இந்த மரபுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், கேட்பதற்கு இரண்டு எல்லைகள் தெரிகின்றன. கேட்பவர் தனியாளாகப் பணத்தைக் கையாளக் கூடாது. கொடுப்பவரின் விருப்பத்தை நெருக்கக் கூடாது. இரண்டாவது எல்லை இன்று எளிதில் மீறப்படுகிறது. பிரிட்டனில் முதியவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் ஓயாமல் கடிதமும் தொலைபேசி அழைப்பும் அனுப்பியது 2015இல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதன் விளைவாக 2016இல் நன்கொடை திரட்டலை மேற்பார்வையிடத் தனி அமைப்பு உருவானது. குற்றவுணர்வைத் தூண்டிப் பெற்ற பணம் நல்ல காரியத்துக்கே செலவானாலும், கொடுத்தவரின் மனத்தில் அது கொடையாக நிற்பதில்லை, பறிகொடுத்ததாகவே நிற்கிறது.

பெயரும் புகழும்

கொடுத்தவர் பெயர் வெளியே தெரியலாமா என்பதில் மரபுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்கிறது மத்தேயு நற்செய்தி. திருக்குர்ஆன் வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்று என்கிறது. ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதனினும் நன்று என்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டிப் புண்படுத்தினால் தருமமே பாழாகிவிடும் என்று எச்சரிக்கிறது. பகவத் கீதை 17ஆம் அத்தியாயத்தில் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குக் கொடுப்பது சாத்துவிகம். பயனை எதிர்பார்த்தோ மனக்கசப்போடோ கொடுப்பது இராஜசம். மதிப்பின்றி, இகழ்ந்து கொடுப்பது தாமசம்.

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் தம் ‘மிஷ்னே தோரா’ என்னும் சட்டத்தொகுப்பில் கொடையை எட்டுப் படிகளாக அடுக்கினார். வேண்டாவெறுப்பாகக் கொடுப்பது அடிப்படி. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரை ஒருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. கடனோ வேலையோ தொழிலில் பங்கோ தந்து, அவர் இனிக் கேட்கவே தேவையில்லாதபடி நிமிர்த்திவிடுவது முதற்படி. இரண்டாம் படிக்கு அருகில் பொதுநிதிக்குக் கொடுப்பதையும் அவர் வைக்கிறார். ஒரு நிபந்தனை உண்டு: நிதியை நிர்வகிப்பவர் நம்பத்தக்கவர் என்று தெரியாமல் அதில் ஒருவர் போடக் கூடாது.

தமிழ் மரபில் இரண்டு குரல்களும் கேட்கின்றன. வேள் ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமையில் பயன் கிடைக்கும் என்று அறத்தை விலைபேசும் வணிகன் அவன் அல்லன் என்று புறநானூற்றில் போற்றுகிறார். குறளோ ஈகை அதிகாரத்தை அடுத்துப் ‘புகழ்’ என்னும் அதிகாரத்தை வைத்து, ஈதலால் வரும் புகழை வாழ்வின் ஊதியமாகவே பேசுகிறது. பயனுக்காகக் கொடுப்பது வேறு; கொடுத்ததால் தானே வந்து சேரும் நற்பெயர் வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இரண்டு குரல்களும் முரண்படவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு மூன்றாவது ஒரு வழியைக் காட்டுகிறது. தான் கொடுத்தவை, தன் அக்கன் குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை அனைத்தையும் விமானத்தில் கல்லில் வெட்டுமாறு தன் 26ஆம் ஆட்சியாண்டில் இராசராசன் ஆணையிட்டான். அதன்படி அணிகலன்கள் எடையோடு பதிவாயின. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் மணிகள் பதித்த நகைகளைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தார்கள். முத்துகளின் எண்ணிக்கையும் அவற்றின் குறைகளும்கூட எழுதப்பட்டன. பெயர் அங்கே விளம்பரமாக மட்டும் நிற்கவில்லை. எது, யாரால், எவ்வளவு வந்தது என்று பின்வருவோர் சரிபார்க்க உதவும் பொதுக்கணக்காகவும் நிற்கிறது.

இன்றைய இந்தியச் சட்டமும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் நிறுவனத்திடம் பதிவாகாத நன்கொடையில், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் உள்ள பகுதிக்கு 30 விழுக்காடு வரி விதிக்கும் ஏற்பாடு 2006இல் வந்தது. முழுக்கச் சமய நோக்கம் கொண்ட அறக்கட்டளைகளுக்கு விலக்கு இருப்பதால் கோயில் உண்டியலை இது தொடுவதில்லை. சமயங்கள் போற்றும் மறைவான கொடைக்கு இது எதிரானது என்று தோன்றலாம். மறைவின் நோக்கத்தைக் கவனித்தால் அந்தத் தோற்றம் விலகும். பெறுபவர் கூசக் கூடாது, கொடுப்பவர் செருக்குறக் கூடாது என்பதற்காகவே மறைவு வேண்டப்பட்டது. உலகுக்கும் பெறுபவருக்கும் தெரியாமல் இருந்துகொண்டே, நிறுவனத்தின் ஏட்டில் பெயர் இருக்கலாம். பெயர் வெளியிட வேண்டாம் என்று ஒருவர் கேட்டால் அதைக் காப்பது நிறுவனத்தின் கடமை.

பணத்தின் பழி

1905இல் ஜான் டி. ராக்கஃபெல்லர் பாஸ்டனில் இருந்த அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சங்கத்துக்கு 1,00,000 டாலர் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் 1816 முதலும் மதுரையில் 1834 முதலும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தியது அந்தச் சங்கமே. சங்கத்தைச் சேர்ந்த போதகர்கள் பலர் எதிர்த்தனர். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் போட்டியாளர்களை நசுக்கிச் சேர்த்த செல்வம் அது. அதை ஏற்பது அந்த வழிமுறைக்குத் துணைபோவது. நாளை அதைக் கண்டிக்கச் சபைக்கு வாய் எழாது என்று வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர் வாதாடினார். பணத்துக்குப் பாவம் ஒட்டாது, அது செய்யப்போகும் நன்மையைப் பார்க்க வேண்டும் என்றது மறுதரப்பு. பின்னர், அந்தப் பணத்தைச் சங்கத்தின் அலுவலர்களே கேட்டுப் பெற்றனர் என்பது வெளியானது. பணத்தைச் சங்கம் வைத்துக்கொண்டது; வினா மட்டும் ஓயவில்லை.

அதே வினா நூறாண்டுக்குப் பின் அருங்காட்சியகங்களின் வாசலில் வந்து நின்றது. ஆக்சிகாண்டின் என்னும் வலிநீக்கி மருந்தை விற்ற பர்டியூ ஃபார்மா நிறுவனத்தோடு தொடர்புடைய சாக்லர் குடும்பத்தின் பெயரை, அமெரிக்காவின் ஓபியாய்டு அடிமைத்தனப் பேரழிவை அடுத்து, பாரிஸின் லூவர் 2019இலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2021இலும் தம் கூடங்களிலிருந்து நீக்கின.

பழைய நூல்கள் இந்தச் சிக்கலுக்கு மூன்று வழிகளைக் காட்டுகின்றன. முதலாவது, முதற்கொடையின் தூய்மை. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்றதும், அதில் முதற்பிச்சை இட ஆதிரையிடம் போகிறாள். உலகின் பசி தீர்க்கும் பாத்திரமும் நல்லாள் ஒருத்தியின் கையால் தொடங்க வேண்டும் என்பது அக்காப்பியத்தின் கருத்து. இரண்டாவது, திருப்பித் தருதல். ஏமாற்றிச் சேர்த்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான் லூக்கா நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவன் சகேயு. தகாத வழியில் வந்த பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும். உரியவரைக் கண்டறிய இயலாதபோது, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது இசுலாமியச் சட்ட அறிஞர் பலரின் நிலை. மூன்றாவது, பெருமையில்லாப் பயன்பாடு. இயேசுவைக் காட்டிக்கொடுத்துப் பெற்று, யூதாஸ் வீசிவிட்டுப் போன வெள்ளிக்காசுகளைக் கோயில் கருவூலத்தில் சேர்க்க மறுத்த ஆசாரியர்கள், அவற்றைக் கொண்டு அந்நியரை அடக்கம் செய்யக் குயவன் நிலத்தை வாங்கினர் என்கிறது மத்தேயு.

இவற்றிலிருந்து நிறுவனங்கள் கைக்கொள்ளத்தக்க நெறி ஒன்றைத் திரட்டலாம். பழைய தவறிலிருந்து விலகியவர் தரும் பணத்தை, அவரைப் புகழாமல் ஏற்கலாம். இன்னும் தவறு செய்துகொண்டிருப்பவர் தரும் பணம் அந்தத் தவறுக்குத் திரையாகிறது. அதை ஏற்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் கண்முன் இருக்கும்போது அவருக்குத் தரவேண்டியதைப் பள்ளிக்கோ கோயிலுக்கோ தருவது கொடையாகாது. அது வேறொருவருக்குத் தரவேண்டிய கடனைத் தன் பெயரில் செலவழிப்பது.

நிபந்தனையும் ஆட்சியும்

கொடுப்பவர் தம் பணம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று சொல்ல உரிமை உடையவர். சோழர் காலத்து விளக்குக் கொடை இதற்குத் தெளிவான சான்று. தஞ்சைக் கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன. பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகளின் எண்ணிக்கை என்றைக்கும் குறையக் கூடாது. காசாகக் கொடுத்த முதல் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டு, காசுக்கு எட்டில் ஒரு பங்கு ஆண்டு வட்டியாக வந்தது. முதல் கரையாமல் விளைவு மட்டும் செலவாகும் இந்த முறை, இசுலாமிய வக்ஃபிலும் மையமானது. கைபரில் கிடைத்த நிலத்தை நபித்தோழர் உமர் அறத்துக்கு ஒதுக்கியபோது, நிலத்தை விற்கவோ வழங்கவோ வாரிசுகள் பிரிக்கவோ கூடாது, அதன் பலன் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் போக வேண்டும் என்று ஏற்பாடானது.

கொடுத்தவர் நோக்கத்தைச் சொல்லிவிட்டுத் தாம் விலகிக்கொள்வதே இரண்டிலும் பொது. கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், இந்த அறத்தைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் என்று கொடுத்தவர் சொல்வதாக ஒரு வாசகம் வருகிறது. பெருங்கொடை கொடுத்த அரசனும், பின்னால் யார் என்றே தெரியாத ஒரு காவலருக்கு முன்கூட்டியே தலைவணங்குகிறான். கொடை இனித் தன்னுடையதன்று என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான ஒப்புதல் இருக்க முடியாது.

நோக்கத்தைச் சொல்வது ஆட்சியாக மாறும்போது சிக்கல் வருகிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய ஆய்வில், கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பித் தரும் கடமை ஆகிய மூன்றும் சமுதாயங்களைப் பிணைப்பதை விளக்கினார். திருப்பித் தர இயலாதவர் கொடுத்தவருக்குக் கீழ்ப்பட்டுவிடுகிறார். பெருங்கொடையாளர் ஒருவரை நம்பி நிற்கும் நிறுவனம், அவர் விரும்பும் ஊரில், அவர் விரும்பும் திட்டத்தை நடத்தும் நிலைக்குத் தள்ளப்படுவது இப்படித்தான். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இதனால் பணம் பெருகியது. ஆலைகளைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்வதால், ஆலை இல்லாத ஏழை மாவட்டங்கள் பின்தங்கும் அபாயமும் பெருகியது.

காந்தி நிலையான நிதியின் இன்னொரு பக்கத்தைக் கண்டார். பொதுநிறுவனம் பெருமுதலின் வட்டியில் வாழத் தொடங்கினால், மக்கள் கருத்தைப் பொருட்படுத்தாமல் போய்விடும். ஆண்டுதோறும் மக்களிடம் வந்து கேட்பதே அது நன்றாக இயங்குகிறதா என்பதற்குச் சோதனை என்பது அவர் கருத்து. அதனால் பலரிடம் சிறிது சிறிதாகப் பெறுவது அறத்துக்கும் விடுதலைக்கும் ஒருசேர உதவுகிறது. நோக்கமே காலத்தால் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால், அதற்கு மிக நெருங்கிய நோக்கத்துக்குப் பணத்தை மாற்ற இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு வழிவிடுகிறது. இறந்தவரின் சொல்லை மதிப்பது கடமை. உயிரோடிருப்பவரின் தேவை அதைவிட முந்தியது.

கணக்கும் செலவும்

கொடையின்மேல் ஆட்சி இல்லாத கொடையாளருக்கு மிஞ்சும் உரிமை ஒன்று உண்டு. அது உண்மையை அறியும் உரிமை. 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கிய காந்தி, ஒவ்வொரு தொகைக்கும் இரசீது கொடுப்பதையும் சிறு செலவையும் எழுதிவைப்பதையும் விதியாக்கினார். கணக்கைக் கவனமாக வைக்காத இடத்தில் உண்மையைத் தூய்மையாகக் காக்க இயலாது என்பது அவர் துணிபு. 1993இல் அமெரிக்க நன்கொடை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கொடையாளர் உரிமைப் பட்டியலும் இதையே சொல்கிறது. நோக்கம், நிர்வாகிகள், நிதிநிலை ஆகியவற்றைக் கொடையாளர் அறியலாம். கேட்கும் கேள்விக்கு நேரான விடை பெறலாம்.

கணக்கு என்றதும் நிர்வாகச் செலவு பற்றிய பேச்சு எழுகிறது. தாம் தந்த ஒவ்வொரு ரூபாயும் ஏழையின் தட்டுக்கே போக வேண்டும் என்று பலர் விரும்புகின்றனர். ஆனால் திருக்குர்ஆன், ஸகாத் என்னும் கட்டாயக் கொடையைப் பெறத்தக்க எட்டு வகையினருள் அதைத் திரட்டி நிர்வகிப்போரையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறது. உழைப்பவருக்கு ஊதியம் உண்டு என்பதில் மறைக்க ஒன்றுமில்லை என்பதற்கு இதுவே சான்று. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காடாக இருந்து, 2020 சட்டத்திருத்தத்தில் 20 ஆகக் குறைக்கப்பட்டது. குறைந்த செலவு எப்போதும் நேர்மைக்கு அடையாளம் ஆகாது. கணக்காளருக்கும் செவிலியருக்கும் போதிய சம்பளம் தராத நிறுவனம், தன் சிக்கனத்தின் சுமையை அவர்கள் தலையில் ஏற்றுகிறது. திரட்டும் தொகையில் இத்தனை விழுக்காடு கூலி என்று பேசிக்கொள்வதைத் தொழில்முறை நன்கொடை திரட்டுவோரின் நெறிமுறை தடுக்கிறது. அந்த ஏற்பாட்டில் கேட்பவரின் ஆதாயம் பெறுபவரின் தேவையை முந்திக்கொள்ளும்.

பெறுபவரின் மானம்

கொடையாளர் உறவு என்று பேசும்போது பெரும்பாலும் மறக்கப்படுபவர் பெறுபவர். எலும்பு தெரியும் குழந்தையின் படம் பணத்தை விரைவாகக் கொண்டுவரும். அந்தக் குழந்தை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால் என்ன நினைக்கும் என்பதே அதற்கான உரைகல். அரிசிப் பையை நீட்டும் கையோடு முகத்தையும் சேர்த்துப் படம் எடுப்பது, கீதை சொல்லும் மூன்றாம் வகைத் தானத்தை நெருங்குகிறது. ஏழைக்குக் கொடுக்கும்போது நம்முடையதைக் கொடுக்கவில்லை, அவருடையதைத் திருப்பித் தருகிறோம் என்றார் 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசு. அவர் சொன்னதை ஏற்றால், பெறுபவர் நன்றிக்கடன்பட்டவராக நிற்கத் தேவையில்லை. தமக்காகத் திரண்ட பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்பதில் அவருக்கும் குரல் உண்டு. நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் கொடையாளருக்கு நாற்காலி இருந்தால் பெறுபவருக்கும் இருக்க வேண்டும்.

கொடுத்தவருக்கு நன்றியும் உண்மைக் கணக்கும் உரியவை. திரட்டியவருக்கு நியாயமான ஊதியமும் மேற்பார்வையும் உரியவை. பணம் பெறுபவருக்கு உரியது. அது கொடுத்தவர் கையை விட்ட கணத்திலேயே பெறுபவருடையதாகிவிட்டது. நன்கொடை கேட்டுச் செல்லும் ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தன் முதல் விதியாக எழுதிக்கொள்ள வேண்டும். கொடுக்கும் ஒவ்வொருவரும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கேட்க வேண்டும். அதற்குமேல் எதையும் கேட்கக் கூடாது.